வரப்பு தெரிந்துதான் வாரத்துக்கு விடவேண்டும்

செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. பாஸ்போர்ட் எடுப்பது இங்கே குடும்பக் காரியம். திருநெல்வேலி சேவா கேந்திரத்துக்குப் போய்வந்த பலருக்கு, முதல் கவுன்டரில் படமும் கைரேகையும் எடுத்தவர் டிசிஎஸ் ஊழியர், அரசு ஊழியர் அல்லர் என்பது தெரிந்திருக்காது. தகவல் அமைப்பை வெளியாரிடம் ஒப்படைத்த வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

வெளியுறவு அமைச்சகம் 2008-ல் அந்த ஒப்பந்தத்தைப் போட்டபோது எதைக் கொடுக்கக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தது. முதல் கவுன்டர் நிறுவனத்துக்கு. ஆவணம் சரிபார்க்கும் கவுன்டரும் ஒப்புதல் தரும் கவுன்டரும் அரசு அலுவலருக்கு. விண்ணப்பம் எத்தனையோ அதற்கேற்ற கட்டணம். ஆகவே வேலை நடந்தால்தான் நிறுவனத்துக்கு வரும்படி. எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது அவசரப்படாததை. 2010-ல் கர்நாடகத்திலும் சண்டிகர் பக்கத்திலுமாக ஏழே மையங்களில் ஓட்டிப் பார்த்து, பிழைகளைத் திருத்தி, 2012-ல்தான் 77 மையங்களுக்கு வந்தார்கள்.

வருமான வரித் தளத்தில் அந்தப் பொறுமை இல்லை. சுமார் 4,242 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2019-ல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பணி இன்ஃபோசிஸிடம் போனது. 2021 ஜூன் 7 அன்று பழைய தளம் இருந்த இடத்தில் நாடு முழுமைக்கும் ஒரே நாளில் புதியது வந்தது, அதுவும் கணக்குத் தாக்கல் தொடங்கும் பருவத்தில். உள்ளே நுழைய முடியவில்லை, ஓடிபி வரவில்லை. ஆகஸ்டில் நிதியமைச்சர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை அழைத்துக் கேட்கும்படி ஆயிற்று; கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. பழி முழுவதும் நிறுவனத்தின் மேல் விழுந்தது. எனக்கு அது பாதி நியாயம். கட்டியவரின் பிழை பிழைதான். ஆனால் அரைகுறையாக இருந்ததைத் திறக்கலாம் என்று ஒப்புக்கொள்ள, கட்டச் சொன்னவரும் வேண்டுமே. பின்னாளில் தளம் சீராகி, கோடிக்கணக்கானோர் தாக்கல் செய்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

பாஸ்போர்ட் முறையும் குறையற்றதல்ல. கேந்திரத்தில் வேலை சட்டென்று முடியும். காவல் நிலையச் சரிபார்ப்பில் விண்ணப்பம் பல நாள் காத்துக் கிடந்தது உண்டு. அரசிடம் நின்ற பகுதியைச் சீர்செய்ய எந்த ஒப்பந்தக்காரராலும் ஆகாது. வெளியே கொடுத்ததன் வேகத்தை வைத்துப் பெருமைப்படும் துறைகள் இதைக் கவனிப்பதில்லை.

சிற்றாற்றுப் பாசனத்தில் வயலை வாரத்துக்கு விடுகிறவருக்கு வரப்பும் மடையும் தெரிந்திருக்க வேண்டும். விளைச்சலைக் களத்தில் நின்று பார்க்கவும் வேண்டும். அரசுத் துறைகளில் அப்படிக் களத்தில் நிற்கும் மென்பொருள் ஆட்கள் குறைவு. குறைந்த விலை கேட்டவருக்கு டெண்டரைக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் திட்டம் நொண்டுகிறது.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் வேலை செய்யும் ஜோஹோ வேறு வகை: பிறருக்கு எழுதித் தருவதைவிடத் தன் சொந்த மென்பொருளைச் செய்வது. மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இப்போது அதன் தளத்தில் ஓடுகிறது. முகவரிகள் அரசின் பெயரிலேயே இருக்கின்றன. 2023-ல் கிடைத்த அந்த ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு. உள்ளூர் நிறுவனம் என்ற மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனாலும் 2030-ல் அத்தனை அஞ்சலையும் வேறொரு தளத்துக்கு மாற்ற நேர்ந்தால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அரசுக்குள் இருக்கவேண்டும். அவர்களை இன்றே அந்த வேலையில் பழக்கவேண்டும்.