பத்துக்குப் பன்னிரண்டு

இலங்கை மலையகத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்த்துவரும் பழைய வீடு பெரும்பாலும் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாதான். கணப்படுப்பு, பலகைத் தரை, முன்னால் புல்வெளி, அதற்குக் கீழே சரிந்து இறங்கும் தேயிலை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தேயிலையையும் வீட்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குத்தான் முதலில் போகவேண்டும் என்பேன். 2007இல் தொடங்கப்பட்ட அது, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயத்திலேயே இருக்கிறது. அரண்மனை பார்க்கும் கண்ணோடு உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். இந்த வீட்டை அளந்து பார்க்கவேண்டும்.

லயத்தின் ஓர் அறையான லயன் காம்பிரா என்றாலே மலையகத்தில் சொல்லும் கணக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்துப் பாருங்கள். பக்கத்தில் இன்னொருவரும் விரித்தால் சுவருக்குச் சுவர் ஏறக்குறைய முடிந்துபோகும். அந்த இடத்தில் தாய், தகப்பன், பிள்ளைகள், கல்யாணமான மகன், மருமகள் என்று ஒவ்வொருவருக்கும் மனத்துக்குள் பாய் விரித்துப் பாருங்கள். கடைசிப் பாய்க்கு இடம் இருக்காது. அடுத்து சுவர். ஒரு காம்பிராவின் இருமலும் சண்டையும் தாலாட்டும் பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்டே தீரும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் பின்சுவரும் பொது. காற்றும் வெளிச்சமும் வாசல் வழியாக வந்தால்தான் உண்டு. வரிசையின் ஓரத்தில் இருக்கும் தொங்கல் காம்பிராவுக்கு மட்டும் ஒரு பக்கச் சுவர் வெளியைப் பார்க்கக் கிடைத்தது.

பிறகு இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, வந்து மலையைப் பாருங்கள். அந்தப் பச்சைக்காகத்தான் இந்தச் சுவர்கள் எழுந்தன. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் பழம் பறிக்கும் பருவத்துக்குக் கடல் தாண்டி, காடு கடந்து நடந்து வந்தார்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பியை இலை நோய் அழித்தபின் மலையெங்கும் தேயிலை பரவியது. தேயிலைக்குப் பருவ ஓய்வு கிடையாது. ஒரு வாரம் போல விட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆண்டு முழுக்கப் பிரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, ஆள் வேண்டும். வந்தவர்கள் தங்கவேண்டிய கட்டாயம் அப்படி வந்தது, நீண்ட லயங்களும் பெருகின. வேலை போனால் காம்பிராவும் போகும் என்பதால், வீடே தோட்டத்தின் இன்னொரு கருவியாக இருந்தது. செடியும் அப்படித்தான். விட்டுவிட்டால் மரமாகிவிடும் அதைச் சில ஆண்டுக்கொருமுறை கவ்வாத்துக் கத்தி வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறது. நாம் படமெடுக்கும் அந்தச் சமதளப் பச்சை, முழுக்க முழுக்கக் கைவேலை.

கஷ்டப்பட்ட இடத்தை ரசிப்பது தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெருக்கடியை யாரும் ரசிக்கவேண்டாம். அதற்குள் மனிதர்கள் செய்துகொண்டதைப் பாருங்கள். தப்பு என்ற தோல்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியது அந்தத் தோல்தான். மாசியில் காமன் கூத்துக்கு ஆடவைத்ததும், இறந்தவரை வழியனுப்பியதும் அதே தப்புதான். துரையின் மணியாக ஆக்கப்பட்ட பிறகும் அதைத் தங்கள் தெய்வத்துக்கும் இழவுக்கும் உரியதாகவே வைத்துக்கொண்டார்களே, அது பெரிய கலை.

இன்றும் லயங்களில் மக்கள் வாழும்போது லயத்துக்கு எதற்கு அருங்காட்சியகம் என்பது இன்னொரு கேள்வி. வாழ்கிறவர் வீட்டு வாசலில் கேமராவோடு எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். இந்த இடம் ஆவணக் காப்பகமும்கூட, அது அவசியம். ஏனென்றால் 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. காம்பிராவுக்குள் நின்று அந்த எண்களை நினைத்தால், ஒரே பாயில் படுத்தவர்கள் இரு நாட்டுக்காரர்களானது எப்படி என்று விளங்கும்.

இதைப் பார்த்த பிறகு பங்களாவுக்குப் போங்கள். வரவேற்பறையில் நின்று, எத்தனை காம்பிரா அதற்குள் அடங்கும் என்று காலடியால் அளந்து பாருங்கள்.