மூன்று வருஷக் கணக்கு: ப. சிங்காரம் காட்டும் பினாங்கு வாசம்

கடல் கடந்துபோய் ஒரு துறைமுகப் பட்டணத்தில் பல வருஷம் தங்கிவிட்ட தமிழனைப் பற்றி நம் நாவல்களில் எது நன்றாகச் சொல்கிறது என்று யாராவது கேட்டால், ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) என்ற இரண்டையும்தான் சொல்வேன். இவற்றைப் போர் நாவல்கள் என்றும் சாகச நாவல்கள் என்றும் பேசுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் நாற்பது வருஷமாகப் பேரேடு புரட்டுகிற என் கண்ணுக்கு இவை குடியிருப்பைப் பற்றிய நாவல்களாகவே படுகின்றன. ஓர் ஊரில் பிழைப்பது வேறு, அந்த ஊர்க்காரனாக ஆவது வேறு. இந்த வித்தியாசத்தைச் சிங்காரம் எப்படிக் காட்டுகிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் காப்பிய வணிகர்கள் கடலோடினால் திரும்பி வந்துவிடுவார்கள். மணிமேகலையில் சாதுவன் மரக்கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். ஆனாலும் ஊர் வந்து ஆதிரையைச் சேர்கிறான். சீவக சிந்தாமணியில் சீதத்தனின் கப்பலைக் கவிழ்த்த புயல் வெறும் மாயை. கப்பலும் ஆட்களும் பத்திரம் என்று பிறகு தெரிகிறது. எங்கள் சமண நூலான அருங்கலச்செப்பு, இல்லறத்தானுக்குத் திசை விரதம் என்று ஒன்று சொல்கிறது. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று தனக்குத்தானே எல்லை கட்டிக்கொள்வது அது. போகிறவன் திரும்ப வேண்டும் என்பதே பழைய மனம்.

செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்கள் தூரத்துக்கு எல்லை கட்டவில்லை, காலத்துக்குக் கட்டினார்கள். சம்பளம் பேசுவதே மூன்று வருஷத்துக்கு. முதலாளி ஊரில் இருப்பார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையில் வரிசை. குடும்பம் பெரும்பாலும் ஊரோடு. கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் பல கடைகளின் பெட்டியும் மேசையும் வரிசையாக இருக்கும். இரவில் படுக்கையும் அங்கேயே. பட்டணத்தின் நடுவில் இருந்துகொண்டே பட்டணத்தில் வசிக்காமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1938-இல் மேடானுக்கு இப்படி ஒரு கடைக்குப் போனவர்தான் சிங்காரம். அவர் எழுதியது கேள்வி ஞானம் இல்லை.

1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சி. ஊருக்குக் கப்பல் போக்குவரத்து நின்றது. மூன்று வருஷக் கணக்கு தானாகவே நீண்டுவிட்டது. பையன்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

‘கடலுக்கு அப்பால்’ செல்லையா அப்படிப் போய்த் திரும்பியவன். கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். பிள்ளை மறுக்கிறார். பையன் நல்லவன், நாணயமானவன், வேலை தெரிந்தவன். அதெல்லாம் அவருக்கும் தெரியும். துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக்கடைக்கு ஆகாது என்பது அவர் தீர்ப்பு. சிங்காரம் இவரை வில்லனாக்கவில்லை. இந்த நாவலின் பெரிய பலம் இதுதான். கடனாளி முன் பொறுமையாகக் குனிந்து பேசத் தெரிந்தவன்தான் லேவாதேவி செய்ய முடியும் என்பது வியாபாரிக்குத் தெரிந்த உண்மை. பிள்ளையின் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. பட்டணமும் போரும் அந்தப் பையனை வேறு மனிதனாக்கிவிட்டன என்பதற்கு அவருடைய ஏட்டில் பத்தி இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தை முதல் தடவை படித்தபோது நான் பிள்ளையின் பக்கம் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் மகன் “இதுதாம்பா என் ஊரு, நீங்க சொல்ற ஊரு எனக்கு லீவுக்குப் போற இடம்” என்று சொன்ன வருஷம் அது. அவன் கடைக்கு ஆகமாட்டான் என்று நானும் தீர்ப்பு எழுதினேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் செல்லையாவின் மௌனம் காதில் விழுந்தது.

‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். மேடான், பினாங்கு என்று சுற்றி, மது மேசையில் தமிழரின் பழம்பெருமையைக் கிண்டலடித்துத் தள்ளுகிறான். அதே ஆள் மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாக நினைவில் நடந்து பார்க்கிறான். கிண்டலும் ஏக்கமும் ஒரே மனசில் இருக்க முடியும் என்பதை வெளியூரில் வாழ்கிறவனுக்கு விளக்கத் தேவையில்லை. கடைசியில் ஊர் திரும்பும் நினைப்போடு இருக்கையிலேயே அந்நிய மண்ணில் முடிந்துபோகிறான். இங்கே புயல் மாயை இல்லை.

குறையும் உண்டு. பினாங்கில் உண்மையாகவே வேர்விட்டவர்கள் தமிழ் முஸ்லிம்கள். சூலியா தெருவும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவர்கள் பெயர் சொல்பவை. மலாய்ப் பெண்களை மணந்து ஜாவி பெரானாக்கான் என்றொரு சமூகமே உருவானது. அந்த வீடுகளுக்குள் சிங்காரத்தின் பேனா நுழையவில்லை. பெண்களின் குரலும் மிகக் குறைவு. கிட்டங்கித் திண்ணையிலிருந்து தெரிகிற பட்டணமே நமக்குக் கிடைக்கிறது.

ஆனால் ஒன்று பாருங்கள். சிங்காரம் 1946-இல் திரும்பி வந்துவிட்டார். மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, தனியாக வாழ்ந்து, 1997-இல் காலமானார். பாண்டியன் அங்கிருந்து மதுரைத் தெருக்களை நினைத்தான். அவனைப் படைத்தவர் மதுரையில் உட்கார்ந்து பினாங்குத் தெருக்களை நினைத்தார். திரும்பி வந்தவருக்கும் கணக்கு நேராகவில்லை.

“இன்னும் மூணு வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்” என்று நம் வீடுகளிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படிச் சொல்கிற பெரியவர்கள் இந்த இரண்டு நாவல்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும். படித்தபிறகு யார் ஊர் எது என்று பிள்ளைகளே சொல்லட்டும், நாம் கேட்டுக்கொள்வோம்.