பழுதுறாமையும் பழுது நீங்குதலும்

கருவி ஒன்றின் சிறப்பை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் ஒரு கேள்வியையே கேட்கின்றனர்: அது எத்தனை காலம் கெடாமல் உழைக்கும்? கெட்டபின் அதனை யார் சீராக்குவார், எதைக்கொண்டு சீராக்குவார் என்று கேட்போர் சிலரே. பழுதுறாமை வேறு, பழுது நீங்குதல் வேறு. முன்னது மிக்கிருந்தும் பின்னது இல்லாத கருவி, முதற் பழுதிலேயே குப்பையாகிவிடும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவன, ஆட்டக்கூடங்களில் காசு போட்டு ஆடும் எந்திரங்கள். விளையாட்டுப் பொருளை ஆராய்ச்சிக்கு எடுப்பதா என்று முகம் சுளிக்க வேண்டா. நாள் முழுதும் அடியும் குலுக்கலும் பட்டு உழைக்கும் மின்னணுப் பொருள்கள் இவற்றைப்போல் மிகச் சிலவே.

பினாங்கில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சியில் தனி உரிமையும் உண்டு. 1972-இல் இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொடங்கிற்று, ஹிட்டாச்சி, ஏ.எம்.டி. முதலியனவும் அப்பத்தாண்டில் இங்கு வந்தன. அதே பத்தாண்டில்தான் விளையாட்டு எந்திரங்களுக்குள்ளும் நுண்செயலிகள் குடிபுகுந்தன. அக்கால மின்னணுப் பலகைகளைத் திறப்போர் சில சில்லுகளின் முதுகில் ‘மலேசியா’ என்ற பெயரைக் காண்பதுண்டு.

மதிப்பிடுதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன். எந்திரத்திற்கும் இவ்வகுப்பு பொருந்தும். பழுதுற்ற எந்திரம், பழுதுபார்ப்போன், மாற்று உறுப்பு ஆகிய மூன்றும் வெளிப்படை. நான்காமவன், மின்சுற்று வரைபடமும் கையேடும் ஈந்து துணைநிற்கும் உற்பத்தியாளன்.

முதலில் பழைய பின்பால் எந்திரத்தைக் காண்போம். சாய்ந்த மேசைமேல் எஃகுக் குண்டை உந்தி ஆடும் ஆட்டம் அது. 1970-களின் நடுப்பகுதிவரை அதனுள் இருந்தவை ரிலேக்களும், படிப்படியாய்ச் சுழலும் சக்கரங்களும், எண்ணற்ற தொடுமுனைகளுமே. அடிக்கடி கெடும், தொடுமுனையில் அழுக்கு ஏறினாலே எண்ணிக்கை தவறும். ஆயினும் பழுது கண்ணுக்குத் தெரியும். வரைபடமும் திருப்புளியும் சிற்றரமும் உடையவன் பெரும்பாலான நோயைத் தீர்த்துவிடுவான். பழுதுறாமை குறைவு, பழுது நீங்குதல் மிகுதி.

1977 அளவில் பாலி, வில்லியம்ஸ், காட்லீப் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் நுண்செயலிக்கு மாறின. தேயும் உறுப்புகள் குறைந்தன. இது மெய்யான முன்னேற்றமே. ஆனால் பழுது கண்ணுக்கு மறைந்துபோயிற்று. பாலி நிறுவனம் இக்குறையை உணர்ந்து ஈடு செய்தது. மின்சாரம் பாய்ந்தவுடன் பலகை தன்னைத் தானே சோதித்துச் சிறு விளக்கொன்றை ஏழு முறை மினுக்கும். இடையில் நின்றால், எத்தனையாவது மினுக்கில் நின்றது என்பதே பழுதின் இடத்தைச் சுட்டும். மற்றோரிடத்தில் அந்நிறுவனமே பிழை செய்தது. ஆட்டக் கணக்கை நினைவில் வைக்கப் பலகைமேலேயே மின்கலத்தைப் பற்றவைத்தது. நாளடைவில் அது கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். ஈரக்காற்று மிக்க தீவில் வாழும் நமக்கு உலோக அரிப்பைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் நுட்பமான குறை காட்லீப்பின் முதல் மின்னணு எந்திரங்களில் உண்டு. பாலி பயன்படுத்திய மோட்டோரோலாச் சில்லு பல துறைகளில் வழங்கியது. ஆதலின் மாற்று எளிதிற் கிடைத்தது. காட்லீப்போ ராக்வெல் நிறுவனத்தின் தனிவகைச் சில்லுகளை நம்பிற்று. அவற்றின் உற்பத்தி நின்றபின் மருத்துவன் இருந்தும் மருந்தில்லை. ஆர்வலர்கள் மாற்றுப் பலகையையே புதிதாய் வடிக்க நேர்ந்தது.

மருந்து இல்லாமை ஊழெனக் கொள்ளலாம். மருந்தை மறைத்தலை என்னென்பது? 1993-இல் கேப்காம் வெளியிட்ட சி.பி.எஸ்.-2 என்னும் வீடியோ விளையாட்டுப் பலகையில் ஆட்டத்தின் நிரல் மறையீடு செய்யப்பட்டிருந்தது. அதனை அவிழ்க்கும் திறவுகோல் மின்கலத்தால் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும். வேறு குறை ஏதுமில்லாத பலகை செத்துப்போகும். கள்ளப் படிகளைத் தடுக்கவே அவ்வாறு செய்தனர். அந்நோக்கம் நேரியதே. எனினும் திருடனைத் தடுக்க வாங்கியவனின் பொருளுக்கே சாவு நாள் குறித்தல் முறையாகாது. அம்மறையீட்டை ஆர்வலர்கள் முற்றும் விடுவித்தது 2007-இல்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் பின்பால் தொழிலையே கைவிட்டது. அதன் 1990-களின் எந்திரங்களோ இன்றும் ஆடுகின்றன. நெடுநேரம் அசையாத தொடுமுனை எது என்று அவை தாமே திரையில் அறிவிக்கும். வரைபடங்கள் கையேட்டில் உள்ளன. மாற்று உறுப்புகளைப் பிறர் செய்து விற்கின்றனர். ஆக்கியவன் விலகியும் ஆக்கம் வாழ்கிறது. நான்காம் கூறின் ஆற்றல் இது.

இந்நாளைய எந்திரங்களில் மணியினும் சிறிய உறுப்புகள் பலகையின் முகத்திலேயே பற்றவைக்கப்படுகின்றன. ஸ்டெர்ன் நிறுவனம் 2015 அளவில் புகுத்திய அமைப்பும் இத்தகையதே. பழுதுற்ற பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டுதலே இங்கு எளிய வழி. கூடம் நடத்துவோர்க்கு இது நன்மையென்பர். எந்திரம் நின்ற நாழிகையெல்லாம் வருவாய் இழப்பன்றோ? அவ்வாதம் புதிய பலகை விற்பனையில் இருக்கும்வரையே செல்லும். விற்பனை நின்ற நாளில் விரைவும் நிற்கும், எந்திரமும் நிற்கும்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் இதே பாடத்தைச் சொல்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு உதிரும். ஆனால் பூசத் தெரிந்த கொத்தனார் மீண்டும் பூசிவிடுவார். உறுதி வேண்டிச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல்லையே கெடுக்கும். 2008-இல் உலக மரபுச் சிறப்புப் பெற்ற நகரம், காலந்தோறும் பழுதுபார்க்கப்பட்டதாலேயே நின்றது.

ஆகவே கருவியை மதிப்பிடுங்கால் நான்கு கூறும் நோக்குக. தமிழாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. நம் மாணவருட் பலர் நாளை பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குச் செல்வர். சில்லுகளை எண்ணி அடுக்கும் கை மட்டும் போதாது. கெட்ட பொருளைத் திறந்து, காரணம் தேடி, கண்டதைத் தம் மொழியில் எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும். பழுதுபார்க்கும் அறிவைத் தமிழில் எழுதித் தருவோனும் வள்ளுவர் சொன்ன அந்த நான்காமவனே.