அத்திபெலே தாண்டிய பாட்டுப்பெட்டி

2022 மே 10 அன்று ஐபாட் வரிசையில் எஞ்சியிருந்த ஐபாட் டச்சின் தயாரிப்பை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தபோது எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை இரங்கற்பாக்கள். இரங்கற்பாவில் இறந்தவருக்குக் குறை இருப்பதில்லை. திறனாய்வுக்கு அந்தச் சலுகை கிடையாது. செல்போன் வந்ததால் கையடக்க இசைக்கருவியின் சந்தை சரிந்தது என்பது காரணம் மட்டுமே. அதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தோல்வி தகுதியானதுதானா, வேறெதுவும் கடன் வாங்க முடியாத சொந்தக் குணம் ஏதேனும் அதனிடம் இருந்ததா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அளவுகோல்கள் மூன்று: கொள்ளளவு, தேடும் வசதி, சார்பின்மை.

முதல் இரண்டிலும் ஐபாட் பெற்ற மதிப்பெண் உயர்ந்தது. 2001 அக்டோபர் 23 அன்று 5 ஜிபி வட்டில் ஆயிரம் பாட்டு என்ற வாக்கோடு அது வந்தது. இந்த வகையில் அது முதற்கருவி அன்று. 1998இலேயே கொரியாவின் எம்பிமேனும் அமெரிக்காவின் ரியோவும் கடைக்கு வந்துவிட்டன. ஐபாடின் சாதனை அதன் ஒருமைப்பாட்டில் இருந்தது. ஆயிரம் பெயர்களை ஒரு கட்டைவிரலால் கடக்க உதவிய சக்கரம், கணினியில் பாட்டுகளை ஒழுங்குபடுத்திய ஐடியூன்ஸ், 2003இல் திறந்த பாட்டுக்கடை மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் ஆடும்.

இந்தியாவில் அந்த ஒன்று நீண்ட காலம் எடுக்கப்பட்டே இருந்தது. ஐடியூன்ஸ் கடை இங்கே திறந்தது 2012 டிசம்பரில். கருவி பிறந்து பதினோரு ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. அதுவரை இங்கே ஒரு தமிழ்ப் பாட்டு ஐபாடுக்குள் போக இரண்டு வழிகள்தாம் பரவலாக இருந்தன: காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து பெயர்த்தெடுப்பது, அல்லது சென்னை பர்மா பஜார் வகைத் திருட்டு எம்பி3 சிடியிலிருந்து இறக்கிக்கொள்வது. ஐபாடின் வடிவமைப்பைப் புகழும் நம் எழுத்துகள் இந்த இடத்தைத் தாண்டிக்குதித்தே போகின்றன. நம்மிடம் விற்றது கருவி. அதைக் கருவியாக்கிய முறைமை நம்மிடம் முழுமையாக வரவில்லை.

சரிவின் கணக்கு எளியது. 2008 நிதியாண்டில் ஆப்பிள் விற்ற ஐபாடுகள் 5.48 கோடி, 2014இல் 1.44 கோடி. நடுவில் நடந்ததை ஆப்பிளே முன்கூட்டிச் சொல்லியிருந்தது: 2007இல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது அதை ஐபாட், தொலைபேசி, இணையக் கருவி மூன்றும் சேர்ந்த ஒன்றாகத்தான் முன்வைத்தார்கள். இந்தியாவில் இந்தக் கைமாற்றம் இன்னும் மலிவாக நடந்தது. சோனி எரிக்சனின் வாக்மேன் போன்களும் நோக்கியாவின் எக்ஸ்பிரஸ் மியூசிக் வரிசையும், அவற்றுக்குப் பின் ஏதேதோ பெயர்கள் பொறித்துவந்த மெமரி கார்டு போன்களும் அதைச் செய்தன. கொள்ளளவும் தேடும் வசதியும் பெயர்த்து நடக்கூடிய குணங்கள். பெயர்த்து நடக்கூடிய குணங்களை மட்டும் நம்பி நிற்கும் கருவி ஒருநாள் தோற்பதில் அநியாயம் எதுவும் இல்லை.

மூன்றாவது அளவுகோலான சார்பின்மைக்கு அத்திபெலே நல்ல உரைகல். ஆனேக்கல் வட்டத்தின் இந்த ஊரோடு கர்நாடகம் முடிகிறது. ஓசூர் சாலையில் அடுத்து வருவது தமிழ்நாட்டின் ஜூஜூவாடி. தொலைபேசித் துறைக்கும் அதுதான் எல்லை: இந்தப் பக்கம் கர்நாடக வட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வட்டம். ஓசூரில் வீடும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையுமாக இருந்தவர் தினமும் இருமுறை இந்த எல்லையைக் கடந்தார்; ஒரு பக்கத்தில் ரோமிங் கட்டணம். பெங்களூரின் எப்.எம். நிலையங்களிலோ பெரும்பாலும் கன்னடமும் இந்தியும். அந்தப் பயணிக்கு எம்பி3 பிளேயர் கொடுத்தது சோதனைச்சாவடியில் நிற்காத பாட்டு. வட்டமும் கட்டணமும் சிக்னலும் அதற்குப் பொருட்டில்லை. சார்பின்மை என்ற சொல்லை இங்கே கிலோமீட்டரில் அளந்து காட்டலாம்.

பிறகு அந்தக் குணத்தின் விலை விழுந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணமின்றி வந்தது, 2017இல் ஏர்டெலும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டது, டேட்டா மலிந்தது. அத்திபெலே வெறும் ஊராகிவிட்டது. இங்கே கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சார்பின்மைக்கு ஈடான ஒன்றை யாரும் தரவில்லை. அது தேவைப்பட்ட தருணங்கள்தாம் குறைந்தன. செயலிகளிலும் பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்தப் பாட்டு சந்தா கட்டும் வரைக்கும் மட்டுமே நம்முடையது. கடையே மூடினால் சந்தாவும் உதவாது என்பதை 2024இல் மூடப்பட்ட விங்க் மியூசிக் காட்டியது.

சரிவின் காலத்தில் வந்த இரண்டு முயற்சிகள் தனித்த மதிப்பீட்டுக்கு உரியவை. முதலாவது, 2020 ஜனவரியில் சோனி இந்தியாவில் ரூ.23,990க்கு விற்பனைக்குக் கொண்டுவந்த என்.டபிள்யூ-ஏ105 வாக்மேன். ஒலித்தரத்தில் அதற்குக் குறை சொல்வது கடினம். பிழை அதன் கோட்பாட்டில் இருக்கிறது. செயலிகளையும் ஓட்டவேண்டும் என்பதற்காக உள்ளே ஆண்ட்ராய்டை வைத்தார்கள். முந்தைய மாதிரியில் 45 மணி நேரம் என்றிருந்த பேட்டரி ஆயுள் 26 மணி நேரமாகச் சுருங்கியது. போனிலிருந்து விலகி நிற்பதே இந்தக் கருவியின் நியாயம். பேச முடியாத போனாக அதை மாற்றியது அந்த நியாயத்தையே கைவிட்டது.

இரண்டாவது, சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கேரவான் என்ற பாட்டுப்பெட்டி. முதலில் இந்தி, பிறகு தமிழ். ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் பாட்டு. சோனி போனை நோக்கி நடந்தது என்றால் இது ரேடியோவை நோக்கித் திரும்பி நடந்தது. தேடும் வசதியையே துறந்து, குமிழைத் திருகினால் ஒரு கலைஞர், இன்னொரு திருகில் இன்னொருவர் என்று அமைத்தது. தொடுதிரை பழகாத முதியவருக்கு இந்தத் துறவு பெரிய கொடை; அண்மைக்கால இந்திய வடிவமைப்பில் பயனரை இவ்வளவு துல்லியமாக அறிந்த கருவிகள் குறைவு. ஆனால் அதே துறவு குறையும் ஆகிறது: மனதில் இருக்கும் ஒரு பாட்டைக் கேட்டுப் பெற வழியில்லை. இதைவிடப் பெரிய குறை தொகுப்பில் இருக்கிறது. கேரவானின் எல்லை சரிகமவின் உரிமைப் பத்திரத்தின் எல்லை. தளபதி (1991), ரோஜா (1992) இரண்டின் பாட்டுகளையும் வெளியிட்டது பெங்களூரின் லஹரி; எனவே அவற்றுக்கு அங்கே இடமில்லை. ஒரு நிறுவனத்தின் கையிருப்பு, தமிழ்த் திரையிசையின் மரபு என்ற பெயரில் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்தது. அதில் ஒரு யுஎஸ்பி துளையையும் வைத்தபோது அந்தப் போதாமையைக் கருவியே ஒப்புக்கொண்டுவிட்டது. 2022இல் அதே நிறுவனம் 1,500 பாட்டுகளோடு கேரவான் மொபைல் என்ற பொத்தான் போனை விற்கத் தொடங்கியது. போனுக்கு மாற்றாக வந்தது போனுக்குள்ளேயே குடிபுகுந்தது.

அந்த யுஎஸ்பி துளைதான் உண்மையான வாரிசைக் காட்டுகிறது. அத்திபெலே வழியாகப் போகும் லாரிகளின் டேஷ்போர்டில் செருகியிருக்கும் பென் டிரைவை இசைக்கருவிகளின் வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். சார்பின்மையில் அது ஐபாடுக்கு நிகர். தொகுப்பில் கேரவானைவிட விரிவு: சரிகமவும் லஹரியும் ஒரே ஃபோல்டரில் சண்டையின்றிக் கிடக்கும். குறைகளும் அதே அளவுக்குக் கனமானவை. பாட்டு ஏற்றித் தரும் கடைகள் பதிப்புரிமையை மதிப்பதில்லை. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ஒரு காசு போவதில்லை. நகலின் நகலாக வந்த 128 கேபிபிஎஸ் கோப்பில் வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பெயர்கள் தொலைந்து வெறும் எண்கள் மிஞ்சுகின்றன. தேர்வும் கடைக்காரருடையது: ‘சோகம்’, ‘குத்து’, ‘நைட் டிரைவ்’ என்ற ஃபோல்டர்களுக்குள் அடங்காத பாட்டு அந்த லாரியில் ஏறாது.

இனி தீர்ப்பு. வடிவமைப்பு என்ற அளவில் கையடக்க இசைக்கருவி முதல் தரமானது. இந்தியச் சூழலில் அது அரைகுறையாக வந்து சேர்ந்த முறைமை. நம்மிடம் அதன் சந்தை சரிந்தது என்பதைவிட முழுதாக எழவே இல்லை என்பதுதான் சரி. கொள்ளளவையும் தேடும் வசதியையும் போனிடம் இழந்தது நியாயமே. சார்பின்மையை மட்டும் போன் வாங்கிக்கொள்ளவில்லை, சந்தாவும் வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்று முறைகேடான ஒரு பென் டிரைவிடம் இருக்கிறது. வருந்த வேண்டியது பெட்டி போனதற்காக அல்ல. ஒரு தமிழ்ப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கி, உருவாக்கியவரின் பெயரோடும் நல்ல ஒலித்தரத்தோடும் சொந்தமாக வைத்துக்கொள்வதை, பாட்டு ஏற்றித் தரும் கடை அளவுக்கு எளிதாக்க நம் இசை நிறுவனங்கள் எதுவும் முனையவில்லை. அப்படி ஒன்று வரும்வரை லாரிக்காரரின் தேர்வைக் குற்றம் சொல்லலாம். தவறான தேர்வு என்று சொல்ல முடியாது.