1.06 என்னும் எண்

ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடுபவர் பத்து கிலோமீட்டரை 50 நிமிடத்தில் முடிப்பாரா? பெரும்பாலும் மாட்டார், தூரம் கூடக் கூட வேகம் குறையும். அந்தக் குறைவை ஒற்றை எண்ணில் அடக்கினார் அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல். 1977-இல் வெளியான அவரது சூத்திரம் சின்னது: இரு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, ஓடிய நேரத்தால் பெருக்க வேண்டும். நம் ஓட்டக்காரருக்குப் பத்து கிலோமீட்டருக்கு 52 நிமிடம் 7 விநாடி வரும். அரை மாரத்தானுக்கு 1 மணி 55 நிமிடம். முழு மாரத்தானுக்கு நான்கு மணிக்குச் சற்றே குறைவு. வெவ்வேறு தூரம் ஓடும் இருவரை ஒரே தராசில் நிறுத்த இவ்வளவு எளிய கணக்கு போதும் என்பதுதான் இதன் அழகு. ஆனால் மாரத்தானுக்கு நீண்ட ஓட்டப் பயிற்சியில்லாமல் இதை நம்பாதீர்கள். கடைசிப் பத்து கிலோமீட்டரில் உடலின் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்தால் கணக்கு பொய்த்துவிடும்.