வழிநூலும் வழுநூலும்

நூல்களைத் தொலைக்காட்சித் தொடர்களாக ஆக்கி வழங்கும் வழக்கம் இந்நாளிற் பல நாடுகளிலும் பெருகி நிற்கின்றது. நெடுங்காலம் மாந்தர் உள்ளத்தில் இடங்கொண்ட நூலொன்று காட்சியாக வரப்போகின்றது என்று கேட்ட மாத்திரத்தே, அதனைப் பயின்றோர் பெருமகிழ்வெய்துவர். கண்ட பின்னரோ அவருட் பலர் மனம் வாடி எழுவர். அவ்வாட்டத்திற்குக் காரணம் யாதென வினவின், அந்நிகழ்ச்சியை விட்டுவிட்டனர், இந்நிகழ்ச்சியைப் புதிதாகச் சேர்த்துவிட்டனர் என்பதே பெரும்பான்மையும் விடையாக வருகின்றது. அவ்விடை நிரம்பிய விடையன்று. விடுதலும் சேர்த்தலும் தம்மளவிற் குற்றமாகா. அவற்றால் நூலின் முடிபு நிலைபெற்றதோ சிதைந்ததோ என நடுநின்று ஆராய்தலே அறிவுடையோர் கடன்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் அளவுகோல் தமிழிலக்கண நூல்களிலேயே உளது. நூலினை முதனூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பியர், வழிநூல் நால்வகைப்படும் என்றும், அவை தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்பன என்றும் மரபியலில் வகுத்துரைத்தார். பவணந்தி முனிவரும், வழிநூல் செய்வான் முதனூலாசிரியன் கொண்ட முடிபோடு இயைந்து நின்று, தான் விரும்பும் சில வேறுபாடுகளையும் சேர்த்துரைக்கலாம் என நன்னூற் பாயிரத்தில் இசைந்தார். எனவே, சுருக்கவும் பெருக்கவும் வழிநூலானுக்கு உரிமையுண்டு என்பதூஉம், முடிபினை மாற்ற உரிமையில்லை என்பதூஉம் பெறப்படும்.

இதற்குச் சைவ உலகம் அறிந்த சான்று திருத்தொண்டர் புராணம். சுந்தரமூர்த்தி நாயனார் 11 பாட்டால் தொகுத்தருளியதை நம்பியாண்டார் நம்பி அந்தாதியால் வகுத்தார்; சேக்கிழார் பெருமான் 4,000-க்கு மேற்பட்ட திருப்பாட்டுக்களால் விரித்தார். இத்துணைப் பெருக்கம் நேர்ந்தும், முதனூல் சிதைந்ததென்று சொல்வார் இலர். தொகையிற் போற்றப்பட்ட அடியவர் விரியிலும் அவ்வடியவராகவே நிற்றலின் என்க. காட்சித்தொடரும் ஒருவகை மொழிபெயர்ப்பே; சொல்லால் அமைந்ததை உருவாகவும் ஒலியாகவும் அது பெயர்த்துத் தருகின்றது. ஆகலின் அதனையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் தகும்.

இங்ஙனம் அளத்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் (1929–2018) இயற்றிய எர்த்சீ நூல்கள். அவற்றுள் முதலாவது 1968-ஆம் ஆண்டிலும், இரண்டாவது 1971-லும், மூன்றாவது 1972-லும் வெளிவந்தன. பின்னர் ஒன்று 1990-லும், இரண்டு 2001-லும் வெளிவந்து வரிசை நிறைவுற்றது. இளையோர்க்கென எழுதப்பெற்றனவாயினும், முதியோராலும் மீண்டும் மீண்டும் பயிலப்படும் பெருமை அவற்றிற்கு உண்டு. முதலிரண்டு நூல்களையும் ஒன்றாக இணைத்து, சைஃபை என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஈரிரவு ஒளிபரப்பிய குறுந்தொடரே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நூற்பொருளை அறிதல் வேண்டும். எர்த்சீ என்பது கடலிடையே எண்ணிறந்த தீவுகள் சிதறிக் கிடக்கும் கற்பனையுலகம். அவ்வுலகில் ஒவ்வொரு பொருட்கும் ஒவ்வோர் உயிர்க்கும் மெய்ப்பெயர் ஒன்றுண்டு. அப்பெயரை அறிந்தவன் அப்பொருளை ஆளவல்லன். ஆகலான் மாந்தர் தம் மெய்ப்பெயரை மறைத்து, வழங்குபெயர் ஒன்றாலேயே ஊரில் அழைக்கப்படுவர். ஒருவன் தன் மெய்ப்பெயரை மற்றொருவனுக்கு உரைத்தல், தன் உயிரையே அவன் கையில் அடைக்கலமாக வைத்தலோடு ஒக்கும். கோன்ட் என்னும் தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவன் ஒருவனுக்கு வழங்குபெயர் வல்லூறு என்று பொருள்படும் ஸ்பாரோஹாக். ஆசான் ஓகியன் அவனுக்குச் சூட்டிய மெய்ப்பெயர் கெட்.

அவன் ரோக் தீவிலுள்ள மந்திரக் கல்விச்சாலையிற் பயிலுங்கால், உடன்பயில்வான் ஒருவனோடு இகலி, செருக்கு மேலிட்டு, இறந்தாரை அழைக்கும் மந்திரத்தை ஏவினான். அதனால் உலகின் எல்லை கிழிந்து, நிழலொன்று வெளிப்பட்டு அவனைத் தாக்கிற்று. அக்கிழிவை அடைத்தற்குப் பெருந்தலைவர் தம் உயிரையே கொடுத்தார். பின்னர் அந்நிழல் துரத்த அவன் ஓடினான். ஓகியன் அறிவுறுத்த, திரும்பி அதனைத் தானே தேடிச் சென்றான். முடிவிற் கடலின் கோடியில் அதனை எதிர்ப்பட்டு, அதற்கு அவன் இட்டழைத்த பெயர் தன் பெயரே. பகையெனக் கருதியது பிறிதன்று, தானே என உணர்ந்து, அதனைத் தன்னுள் ஏற்று முழுமையுற்றான். வாளெடுத்துப் பிறனொருவனைக் கொன்று பெறும் வெற்றி அந்நூலின் முடிபன்று என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் நூல் டெனார் என்னும் பெண்ணைப் பற்றியது. குழவிப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து கொண்டுபோகப்பட்டு, அட்டுவான் என்னுமிடத்தில், பெயரற்றோர் எனப்படும் இருட்டெய்வங்களுக்குத் தலைமைப் பூசகியாக ஆக்கப்பட்டவள் அவள். அவளுடைய பெயரும் பறிக்கப்பட்டு, உண்ணப்பட்டவள் எனப் பொருள்படும் ஆர்ஹா என்னும் பெயர் இடப்பட்டது. நிலத்தடிச் சுரங்கவழிகளே அவள் ஆட்சி. ஆங்கு அகப்பட்ட கெட், அவளை டெனார் என்று அவள் பெயரால் அழைக்கின்றான். அவள் அவனை விடுவித்துத் தானும் விடுதலை பெறுகின்றாள். தான் இளமை முதல் வழிபட்டது இருளே எனத் தெளிந்து, அதனை விட்டு வெளியேறுதல் எத்துணை அரியதென்பதே அந்நூலின் உயிர்நாடி.

இனித் தொடர் செய்தது யாதெனக் காண்பாம் எனப் புகுவார்க்கு முதலில் தோன்றுவது பெயர்மாற்றம். தொடரில் கெட் என்பது ஊரார் வழங்கும் பெயராயிற்று. ஸ்பாரோஹாக் என்பது மறைத்து வைக்கும் மெய்ப்பெயராயிற்று. மேலோட்டமாகக் காண்பார்க்கு இஃது அற்பம். ஒன்றற்கொன்று இடம் மாறியதன்றிக் குறைந்தது யாது என்பர். அற்றன்று. மெய்ப்பெயர் கொடுத்தற்கரியது என்பதன்மேல் எழுந்த மாளிகை அந்நூல். அதன்கண் எது மெய்ப்பெயர், எது வழங்குபெயர் என்பதையே தலைகீழாக்கியவர், அந்நூலின் அடிப்படையைக் கருதிப் பார்த்திலர் என்பது தெளிவு. நூற்குற்றம் பத்தனுள் மாறுகொளக் கூறல் என்பதன்பாற்படும் இது.

இரண்டாவது, உலகனைத்தையும் அடிப்படுத்தவும் சாவாமை பெறவும் விழையும் அரசனொருவன் பெரும்பகைவனாகக் கொணரப்பட்டமை. முதனூலின் நெஞ்சிடமாக நிற்பது ஒருவன் தன் செருக்கின் பயனைத் தானே எதிர்கொள்ளுதல். அவ்விடத்தில் முடிசூடிய கொடியவன் ஒருவனை நிறுத்தின், காண்போர் கண் அவன்மேற் செல்லும். கேடெல்லாம் அவனிடத்தது, அவன் மடியின் உலகு நலம்பெறும் என்னும் எளிய எண்ணம் நிலைபெறும். தன்னுள் நோக்கும் வருத்தம் காண்போர்க்கு இல்லையாகிவிடும். இது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம்.

மூன்றாவது, அட்டுவான் நிகழ்ச்சியின் மாறாட்டம். நூலில் பெயரற்றோரை வழிபட்டுத் தொண்டு செய்வோராகிய பூசகியர், தொடரில் அப்பெயரற்றோரைச் சிறையிட்டுக் காக்கும் நல்லோராயினர். ஆகவே டெனாருக்கு விடவேண்டிய இருளும் இல்லை, மீளவேண்டிய பெயரும் இல்லை. அதனால் நேர்ந்த வெறுமையை நிரப்புதற்கு, அந்நூலில் இல்லாத காதலொன்று அவட்கும் கெட்டுக்கும் இடையே புனையப்பட்டது. இரண்டாம் நூலின் உயிர் இவ்வாறு நீங்கிற்று.

நான்காவது, நிறம். எர்த்சீ மாந்தருட் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். கெட் செம்பழுப்பு நிறத்தினன்; அவன் உயிர்த்தோழன் வெட்ச் கருநிறத்தினன்; டெனார் பிறந்த கார்க் இனத்தாரே வெண்ணிறத்தவர். இவ்வகைக் கதைகளில் தலைவர் அனைவரும் வெள்ளையராகவே வருதல் ஏன் என வினவிய ஆசிரியர், ஆய்ந்து அமைத்த அமைப்பு இது. அந்நிறத்தை நூலின் தொடக்கத்தே பறைசாற்றாது, படிப்போர் கெட்டின் உள்ளத்தோடு ஒன்றியபின் உணருமாறு மெல்ல மெல்லப் புலப்படுத்தினார். தம்மையொத்த நிறத்தினரைக் கதைத்தலைவராக அந்நூலிற் கண்டு மகிழ்ந்த படிப்போர் உளர். தொடரிலோ கெட் வேடம் வெள்ளை நடிகர்க்கே அளிக்கப்பட்டது. தலைமை மாந்தருள் ஓகியனாக நடித்த டேனி குளோவர் ஒருவரே கறுப்பர். இத்தகைய நூல் ஒன்றேனும் தமக்குரியதென நம்பியிருந்த இளையோர்க்கு இஃது எத்துணை இழப்பென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'காட்சிக்கலைக்கு இலக்கணம் வேறு. நூலில் உள்ளவாறே காட்டின் காண்பார் இரார்' என்று மறுப்பார் உளராலெனின், அவர்க்கு விடை அவ்வாசிரியர் நூல்களுள்ளேயே உளது. 1971-இல் அவர் எழுதிய மற்றொரு கதை, தான் காணும் கனவால் உலகமே மாறிவிடும் ஒருவனையும், அவன் கனவுகளைக் கருவியாகக் கொண்டு உலகைத் திருத்த முயலும் மருத்துவன் ஒருவனையும் பற்றியது. அதனை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியார் 1980-இல் சிறு பொருட்செலவிற் படமாக்கினர். எழுத்திலும் நடிகரைத் தேர்தலிலும் ஆசிரியர் உடனிருந்தார். நூல் சுருங்கிற்று, ஆயினும் முடிபு நின்றது, ஆசிரியரும் அதனை உவந்தார். அதே கதை 2002-இல் அவர் பங்கின்றி மீண்டும் எடுக்கப்பட்டபோது நூற்பொருளிற் பெரும்பகுதி கழிந்தது. எனவே குறை காட்சிக்கலையினது அன்று, கையாள்வோரது என்பது தெளியப்படும்.

'முதனூல் அழியாமல் இருக்கின்றதன்றோ? வேண்டுவார் அதனைப் படிக்கட்டும். தொடரால் யார்க்கு என்ன கேடு' என்பாரும் உளர். நூலை அறியாதார் தொடரையே நூலாகக் கொள்வர் என்பது முதல் விடை. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தொடரின் முகப்பில் நிற்றலின், அதிற் கூறப்பட்டதெல்லாம் அவர் கருத்தாகவே கொள்ளப்படும் என்பது இரண்டாம் விடை. எர்த்சீ தொடரில் இது நேர்ந்தேவிட்டது. லெ குவினுக்கு ஒப்பந்தத்தில் ஆலோசகர் என்னும் பெயரேயன்றி முடிவுசெய்யும் உரிமை இல்லை. கதையெழுத்து முடிந்தபின் அவர் சொல் ஏறவும் இல்லை. அங்ஙனமாகவும், இயக்குநர் நூலாசிரியரின் உட்கருத்து இன்னதென வெளியிட்டுரைத்தார். அதுகாறும் வாளாவிருந்த ஆசிரியர், தாம் கூறாத கருத்தைத் தம்மேல் ஏற்றியதை மறுத்து, அத்தொடர் தம் நூலன்று என 2004-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட எழுதினார்.

இவ்விடத்து மற்றொரு நிகழ்ச்சியும் ஒப்பிடத்தக்கது. 2006-இல் சப்பான் நாட்டு இயக்குநர் கோரோ மியாசாகி, எர்த்சீ நூல்களிலிருந்து சித்திரப்படம் ஒன்று எடுத்தார். அதனைக் கண்ட லெ குவின், இது தம் நூலன்று, அவருடைய படம், நல்ல படம் என்று அவரிடமே கூறினார். ஆயினும் உள்ளிருக்கும் தீமையை வெளியே ஒரு கொடியவன்மேல் ஏற்றிக் கொன்று முடிக்கும் முறையைப் பின்னர் எழுதிய கருத்துரையிற் குறைகூறவும் தயங்கிற்றிலர். நயத்தை நயமென்றும் குறையைக் குறையென்றும் பிரித்துரைத்த நடுவுநிலை அது.

அந்நடுவுநிலையால் நோக்குமிடத்து, 2004-ஆம் ஆண்டுத் தொடரும் முழுவதும் பழிக்கத்தக்கதன்று. இரு நூல்களை ஈரிரவிற் சுருக்கியது குற்றமன்று, அது தொகுத்தல். அதன் காட்சிகளிற் கடலும் காடும் கண்ணுக்கினியன. மாந்தர் பெயரையும் நாட்டின் பெயரையும் வேறாக வைத்து, இன்ன நூலின் சாயலில் எழுந்த வேறு கதை எனச் சொல்லியிருந்தால், அது சார்புநூல் என்னும் வகையில் அடங்கும், குறைகூறுதற்கு இடமிராது. நூலின் பெயரைக் கொண்டு பொருளைக் கைவிட்டமையே வழு. மெய்ப்பெயர் இன்னதென உணர்த்த எழுந்த நூலொன்று, தன் மெய்ம்மை நீங்கிய வேறொன்றற்குத் தன் பெயரை இரவல் கொடுத்து நின்றது இரங்கத்தக்கதே.

ஆதலின் நூலைக் காட்சியாக்கப் புகுவார், எதனை வெட்டுவது, எதனை ஒட்டுவது என்று தொடங்குதற்கு முன்னர், இந்நூல் எதனாற் பிழைத்திருக்கின்றது என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். அவ்வொன்றைக் காத்து மற்றவற்றைச் சுருக்கினும் பெருக்கினும் அவர் செய்வது வழிநூல். அவ்வொன்றை இழந்து மற்றனைத்தையும் வரிபிறழாது காட்டினும் அது வழுநூலே. காண்போரும், விடுபட்ட நிகழ்ச்சிகளை எண்ணிக்கொண்டிருத்தலை விட்டு, நின்ற முடிபு யாதென நோக்கித் துணிவாராக.