செவலைக் கன்றும் சிறுவர் படங்களும்

சிறுவர் நூல்களில் வரும் பசுவையும் கன்றையும் சற்று உற்று நோக்குங்கள். கன்று பெரும்பாலும் பசுவின் சிறிய அச்சாகவே இருக்கும். பசுவுக்குத் திமிலே இராது. உடலெங்கும் கறுப்பு வெள்ளைத் திட்டுகள். அயல்நாட்டு ஹோல்ஸ்டீன் மாட்டை எவரோ வரைந்த படத்தைப் பார்த்து மற்றொருவர் வரைந்தது அது. (திருப்பூரில் குழந்தைகளின் பனியன்களில் அச்சாகும் பசுவும் அதன் உடன்பிறப்புத்தான்.)

ஆனால், திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் சென்றால் காங்கயம். அவ்வின மாட்டின் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாத அளவில் சாம்பல் நிறமாகிறது. வளர்ந்த பசு வெண்மையாகவோ மயிலையாகவோ இருக்கும். பொலிகாளைக்கோ தலையிலும் கழுத்திலும் திமிலிலும் தொடையிலும் கருமை படரும். அதே காளையைக் காயடித்து எருதாக்கினால் கருமை மங்கும், திமிலும் சிறுக்கும். ஆண் ஹார்மோன் குறைவதன் விளைவு இது. ஒரே விலங்கு, ஆயுளில் மூன்று தோற்றங்கள்!

கொட்டிலில் செவலைக் கன்று நிற்க, அவ்வீட்டுப் பிள்ளையே புத்தகத்துக் கன்றைத்தான் வரைகிறது. தன் கண்ணைவிட அச்சை நம்பப் பழகிய பிள்ளைக்கு அறிவியலை எவ்வாறு கற்பிப்பது?

ஒளிப்படத்தைப் பார்த்து வரையலாமே என்பர். நிறத்துக்கு அது உதவும்; நடைக்குப் போதாது. நடக்கும் மாடு இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்ற வரிசையில் அடி வைக்கிறது. ஹங்கேரி ஆய்வாளர்கள் நாற்கால் விலங்குகளின் நடையைக் காட்டும் சுமார் 1,000 கலைப்படைப்புகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டனர். மைபிரிட்ஜின் தொடர் ஒளிப்படங்கள் 1887இல் வெளிவந்த பிறகு தோன்றியவற்றிலும் 57.9 விழுக்காடு பிழை. குகை மனிதரின் படைப்புகளிலோ 46.2 விழுக்காடுதான். அவர்கள் விலங்கை நாள்தோறும் கண்டவர்கள் அன்றோ!

எல்லாப் படமும் உடற்கூற்றுப் படமாக வேண்டும் என்பதன்று. 1997இல் தாரா வெளியிட்ட 'டைகர் ஆன் எ ட்ரீ' நூலில் புலக் பிஸ்வாஸ் தீட்டிய புலிக்குக் கறுப்பும் ஆரஞ்சுமே போதுமாயின; ஆயினும் அது புலிதான். எதை விடலாம் என்பது பார்த்தவருக்கே தெரியும்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குத் தாளும் பென்சிலுமாகச் சென்று பாருங்கள். படுத்து அசைபோடும் மாட்டில் தொடங்குவது எளிது. நிற்கும் மாடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரே தாளில் ஐந்தாறு படங்களைத் தொடங்கிவிட்டு, அது நிலை மாறும்போதெல்லாம் அடுத்த படத்துக்குப் போங்கள். சற்றுப் பொறுத்தால் பழைய நிலைக்கு அதுவே திரும்பும்; விட்ட கோட்டை அப்போது தொடரலாம்.